அப்பாவுக்கு அக்கா இல்லை என்றேன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பொழிச்சலூரில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த வயல்களில் ஒவ்வொன்றாகக் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஏரிப் பக்கம் ஒரு துண்டு நிலம் மட்டும் மிச்சம். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். பல்லாவரத்தில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டு நிர்வாகத்தையும் நானே கவனித்தேன்.

நிலத்துக்கு விலை வந்ததும் ஊரில் புதுப் புது உறவுகள் முளைத்தன. தொடர்பு விட்டுப்போன வாரிசு யாரையாவது தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, கேஸ் போட்டு நிலத்தை முடக்கிவிடுகிற கூட்டம் ஒன்று அலைந்தது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இப்படிக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எனக்கோ பிறவியிலேயே சந்தேக புத்தி. பால்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால்கூடப் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தோள் பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர் என்றார். "நாம பங்காளிங்கம்மா. எங்க தாத்தாவும் உங்க தாத்தாவும் கூடப் பொறந்தவங்க. எங்க தாத்தா சின்ன வயசுலேயே கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போயிட்டார். நம்ம வம்சக் கதையை எழுதி புஸ்தகமாப் போடலாம்னு இருக்கேன்."

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அவர் நோட்டைத் திறந்து கேட்ட கேள்விகளைக் கேட்டதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்பா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? பெண்களை எங்கே கொடுத்தார்கள்? அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கே? வாரிசு சான்றிதழுக்குப் போனால் தாலுகா ஆபீஸில் கேட்கிற அதே கேள்விகள்!

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாப்பா, தங்கவயல் பெரியப்பா பேரனா நீ? உக்காரு, உக்காரு. எனக்கு ஒரு அக்கா..." என்று ஆரம்பித்தார். அத்தையைக் குன்றத்தூரில் கொடுத்திருந்தார்கள். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர், சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவருக்கு ஒரு மகள். மாமா மறுமணம் செய்துகொண்டு வெளியூர் போனதும் அந்தப் பெண்ணைப் பற்றிய தகவலே இல்லை. பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்து ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. இவர் தேடுவது அந்தப் பெண்ணைத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"அவருக்கு ஞாபகம் சரியில்லை சார். பெரியம்மா பொண்ணைத்தான் அக்காங்கறார். எங்கப்பா ஒரே பிள்ளை. எழுதிக்குங்க" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் அந்த மனிதருக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை. அவர் போனதும் ஸ்கூட்டர் நம்பரைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்தேன். அதோடு விட்டேனா? அடுத்த வாரம் தாம்பரம் போய் அவர் தெரு மளிகைக் கடையில் விசாரித்தேன். ஆசிரியர்தான், நல்ல மனிதர் என்றார்கள். ஆசிரியராக இருந்தால் புரோக்கர் வேலை பார்க்க மாட்டாரா என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

சில மாதங்களில் புத்தகம் தபாலில் வந்தது. தாத்தா பெயருக்குக் கீழே 'ஒரே மகன்' என்று அப்பா பெயர் மட்டும். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்பா பக்கங்களைப் புரட்டி, "அச்சு நல்லா கீது" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த ஆசிரியர் அதே பையோடு வந்தார். கையெழுத்து வாங்க வந்துவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுப் பந்தியில்கூட அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு கேசட்.

"உங்கப்பா என் வீட்டுக்கு வந்திருந்தாரும்மா. அவர் இருக்கற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார்" என்றார்.

கண் டாக்டரைப் பார்க்க என்று சொல்லி அப்பா ஒரு நாள் தாம்பரம் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேசட்டைப் போட்டுக் கேட்டோம். அப்பா குரலில் முழுக்க அத்தை கதைதான். இடுப்பில் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனது, தன் பங்கு வேர்க்கடலையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தது, அத்தையின் மகள் பெயர், அவள் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் வரைக்கும் சொல்லியிருந்தார். கடைசியில் ஆசிரியர், இதையெல்லாம் புத்தகத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறார். அப்பா சொன்னார்: "வாணாம்பா. எம் பொண்ணு இல்லேன்னு சொல்லிடுச்சி. நா உண்டுன்னு போட்டா நாளைக்கு எம் பொண்ணப் பொய்க்காரின்னுவாங்க. பாவம், பயந்துகினு சொல்லிச்சி. அது சொன்னாப்லயே போட்டுடு."

ஆசிரியரின் முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

புத்தகம் பல ஊர்களில் இருந்த பங்காளி வீடுகளுக்கெல்லாம் போயிருந்தது. அத்தை பெயரும் அதில் இருந்திருந்தால், அவர் மகளை அறிந்த யார் கண்ணிலாவது பட்டிருக்கும். கேசட்டில் இருந்ததை நானே டைப் செய்தேன். ஆசிரியர் அதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். ஒரு பதிலும் வரவில்லை. நான் அப்படிக் காவல் காத்த நிலத்தைக் கேட்டும் எந்த வாரிசும் வரவில்லை.

அக்கா இல்லை என்று நான் சொன்ன அன்று மத்தியானம் அப்பா எப்போதும் போல என் எதிரில் உட்கார்ந்து, ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தச் சோறு அவருக்கு எப்படி இறங்கியிருக்கும் என்பதை மட்டும் என்னால் இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.