வேதவல்லி அம்மாள் வாசிக்காமல் விட்ட வரி

வேதவல்லி அம்மாள் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாகச் சொன்னபோது என் பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கவளத்தையும் ஊட்டிவிட்டுத்தான் அழுதேன். பதினாறாம் நாளும் கழிந்த பிறகு இதை எழுதுகிறேன். குழந்தைக்கு இருமல், அதனால் தாமதம். அவர் இருந்தால், "இருமலா? கஷாயம் குடுத்துட்டு எழுது" என்றிருப்பார்.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அவர்மேல் எனக்குப் பொறாமை.

சனிக்கிழமை மத்தியானங்களில், செங்கற்பட்டு ஏரிக்கரை வீட்டில், அவர் தம் வாழ்க்கைக் குறிப்புகளை உரக்க வாசிக்கக் கேட்க நாம் பத்துப் பேர் கூடுவோமே. மறியல், மூன்று முறை சிறை, ஜில்லா போர்டில் ஒற்றைப் பெண்ணாக நின்று சேரிக்கிணற்றுக்காகப் போட்ட சண்டை. "உட்காருங்கம்மான்னாங்க. நாற்காலி ஆடுது, நின்னுக்கறேன்னேன்" என்று வாசிப்பார். எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டே, சுடுகிறதா என்று மடியிலிருக்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். நானும் பி.ஏ. படித்தவள்தான். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையில் இப்போது வசம்பும் சாதிக்காயும் கிடக்கின்றன. 'பிள்ளை குட்டி இல்லாதவர், அதனால் முடிந்தது' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். அதில் ஓர் அற்ப ஆறுதல்.

குழந்தை சிணுங்கினால் வெளியே போக எழுந்திருப்பேன். "உட்காரு. ஜெயில்ல இதைவிடச் சத்தம்" என்பார்.

அவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பவத்தின்போது உடனிருந்த ஒருவர் கேட்டுச் 'சரி' சொல்லாமல் எந்த அத்தியாயத்தையும் முடிக்கமாட்டார். உப்புக் காய்ச்சிய அத்தியாயத்துக்கு, மகாபலிபுரத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்கும் குப்பம்மாவை வரவழைத்திருந்தார். குப்பம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டார்.

"போலீஸ் வண்டியில் ஏறியபோது என் கைகள் காலியாக இருந்தன" என்று வாசித்து, அம்மாள் தாளைக் கவிழ்த்தார்.

குப்பம்மா தலையாட்டவில்லை. "இன்னாம்மா, அவ்ளோதானா? கை எப்பிடிக் காலியாச்சி? இடுப்புல இருந்த கொயந்தய என்கைல குட்த்துட்டுதானே வண்டி ஏறின? அத்த வுட்டுட்டியே!"

அம்மாள் கவிழ்த்த தாளின் ஓரத்தை நீவினார்.

"எழுத வரலை, குப்பு."

"வர்லன்னா வுட்றதா? நீ ஜெயில்ல இருக்கசொல்ல என் மடியிலதானே அது செத்துச்சி. அது இல்லாத கதைக்கி நான் சரி சொல்லமாட்டேன், போ."

என் பெண்ணை எப்போது அப்படி இறுக்கினேனோ, அவள் வீறிட்டாள். அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். "நான் தாளைப் பார்த்தா படிச்சேன்? வாரா வாரம் உன் மடியைப் பார்த்துத்தான் படிச்சேன். வயிறு எரியும். நீ வராத வாரம் நிம்மதியா இருக்கும்" என்றார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "நான் சொல்றேன். நீ எழுது."

குப்பம்மா குழந்தைக்குக் கை நீட்டினார். கொடுக்க நான் தயங்கியதை இருவருமே பார்த்தார்கள். கொடுத்தேன்.

அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "பெயர் தங்கம். பதினொரு மாதம். கணவரும் சிறையில் இருந்ததால் குப்பம்மாவிடம் கொடுத்தேன். மூன்றாம் மாதம் காய்ச்சலில் போனாள். விடுதலையான அன்றுதான் எனக்குத் தெரிந்தது." தாய் நெஞ்சம் என்று ஏதோ அலங்காரமாகச் சேர்க்கப் போனேன். "வேணாம்" என்றார். படித்துக் காட்டியதும் குப்பம்மா, "ஆங், இப்ப சரி" என்றார்.

அம்மாளைக் கடைசியாகப் பார்க்க, முதல்முறையாகப் பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். போனதிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பம்மா என் வெறும் இடுப்பைப் பார்த்தார்.

"கொயந்த எங்கம்மா?"

"வீட்டுல. இருமல்."

"தூக்குற வரிக்கும் இரு. ஒண்ணும் ஆவாது."

தங்கம் தம் மடியில் போன பிறகும் அதைச் சொல்ல அவரால் முடிந்தது. இருந்தேன்.

அந்தப் பேனாவை அம்மாள் திருப்பிக் கேட்கவேயில்லை. அதில்தான் இதை எழுதுகிறேன். பொறாமையும் என்னிடமே இருக்கிறது, தீர்ந்தபாடில்லை. அம்மாளைத் தூக்கிய அன்று வீடு திரும்பும்போது ஏரிக்கரையில் இரண்டு கைகளையும் வீசி நடந்தேன். சுகமாக இருந்தது. அப்படி இருந்ததை அம்மாள் ஒருவரிடம்தான் சொல்லியிருப்பேன்.