கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

நேற்று மத்தியானம் கூரியரில் ஒரு நாவல் வந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாம் மாடியில் இருக்கும் டீச்சர், லீவுக்குப் படிக்க நல்ல புத்தகம் யாராவது சொல்லுங்களேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டிருந்தார். என்னைத் தெரிந்தவர்கள் என் காதுபட இப்படிக் கேட்கமாட்டார்கள். அவர் சேலையூருக்குப் புதுசு, பாவம். அவருக்காகத்தான் வரவழைத்தேன். பல வருஷம் அச்சிலேயே இல்லாமல் இருந்து இப்போதுதான் மறுபதிப்பு வந்திருக்கிறது. கொடுப்பதற்கு முன்னால் கடைசி அத்தியாயத்தை ஒரு தடவை ருசித்துவிடலாம் என்று பிரித்தேன். எனக்குத் தெரிந்த முடிவு அதில் இல்லை.

நாவலின் பெயரைக் கேட்காதீர்கள். முடிவைச் சொல்லப்போகிறேன். பெயரையும் சேர்த்துச் சொன்னால் பாவம் பிடிக்கும்.

அலமாரியிலிருந்து என் பழைய பிரதியை எடுத்தேன். புதுசில் கோந்து வாசனை. பழையதில் இன்னமும் லேசாகக் கூலன்ட் வாசனை வருகிறது. லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்த எண்ணெய்த் தண்ணீர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. கடைந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்க வேண்டும். அந்த வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. என் துணிக்கென்று அம்மா தனி பக்கெட்டே வைத்துவிட்டாள்.

காலையில் கம்பெனி வேன் கேம்ப் ரோட்டில் என்னை ஏற்றிக்கொண்டு, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று ஆள் பொறுக்கிக்கொண்டே போகும். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அந்த வேனில்தான் நான் இலக்கியத் தொண்டு ஆற்றினேன்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பிளாட்பாரக் கடையில் வாங்கிய நாவல் அது. கதை பெரிசாக ஒன்றுமில்லை. ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பி சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறான். போகிற அவசரத்தில் கைக்கடிகாரத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறான். தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய கடிகாரம். வருஷக்கணக்காக ஒரு நாள் தவறாமல் அவள் அதற்குச் சாவி கொடுக்கிறாள். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் படித்துப் பார்த்தால்... பாருங்கள், உங்களிடமும் ஆரம்பித்துவிட்டேன்.

என் தந்திரம் இதுதான்: பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியை நீங்களே படியுங்கள் என்று புத்தகத்தை நீட்டுவேன். ஒருத்தரும் கை நீட்டவில்லை. ஓசியில் கதை கிடைக்கும்போது யார் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள்? டிரைவர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், இன்னிக்கு அந்தப் பொண்ணு வாச்சுக்கு சாவி குடுத்துச்சா?" என்பார். வேனே சிரிக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் பிரதியின் கடைசி வரி, "கதவுச் சத்தம் கேட்டு அவள் திரும்பி" என்று பாதியில் நின்றுவிடும். அதை நான் மகா பெரிய உத்தி என்று நம்பியிருந்தேன். முடிவை வாசகன்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று வேனில் பிரசங்கமே செய்திருக்கிறேன்.

அனகாபுத்தூரில் ஏறுகிறவர் ரோசலின் அக்கா. எங்கள் கம்பெனியின் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. எங்கள் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. துளை போடும் டிரில் பிட் ஒன்று வேண்டுமென்றால் டோக்கனைக் கொடுக்க வேண்டும். பிட் இருந்த ஆணியில் அக்கா டோக்கனை மாட்டிவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முனை உடைந்திருந்தாலோ, யாராவது தன் வசதிக்குத் தேய்த்துவிட்டிருந்தாலோ டோக்கன் ஆணியிலேயே தொங்கும். "போன மாதிரியே வந்தாத்தான் டோக்கன்" என்பார். முதலாளியின் மச்சானுக்கும் அதே சட்டம்தான்.

ஒரு நாள் அவர் கையை நீட்டினார். "வேன்ல அரையும் கொறையுமா கேட்டுக்கினு வர்றது பேஜாரா கீது தம்பி. குடு, நானே படிச்சுக்கிறேன்." கூடவே தன் பதினேழாம் நம்பர் டோக்கனை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எதுக்குக்கா?"

"பொருள் எடுத்தா டோக்கன் குடுக்கணும்ல?"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சரியில்லாத இரண்டு துண்டுகளைச் சரி என்று தள்ளிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். "இன்னா தம்பி, கதை பாதில நிக்குது?" நான் வாசகன், முடிவு, உத்தி என்று முழுப் பிரசங்கத்தையும் அவிழ்த்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்ணாங்கட்டி. பின்னாடி பக்கம்லாம் கிழிஞ்சு கீது. நூல் தெரியுது பாரு" என்று புத்தகத்தின் முதுகை விரித்துக் காட்டினார். வேன் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டே சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் தம்பி துபாய்க்குப் போறேன்னு சண்ட போட்டுக்கினு போயி ஆறு வருசம் ஆவுது. ஒரு போன் இல்ல. இந்தப் பொண்ணோட தம்பி வந்தானா, இல்லியா? அது தெரியணும் எனக்கு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை மாதம் கதை சொன்ன எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லை.

ஒரு மாதம் போல ஆயிற்று. அக்கா புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே பன்னிரண்டு ஸ்டோர்ஸ் ஸ்லிப்புகள் செருகியிருந்தன. பின்பக்கம் முழுக்க அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. "லைப்ரரில முழு புக்கு இருந்துச்சு. எழுதிக்கினு வந்துட்டேன். படி, நல்லா முடிஞ்சு கீது."

வேனிலேயே படித்தேன். தம்பி வந்துவிடுகிறான். அவள் கடிகாரத்தை எடுத்து அவன் கையில் கட்டுகிறாள். அதே நேரம் தெருக்கோடிக் கோயிலில் மணி அடிக்கிறது. கடிகாரமும் அதே மணியைக் காட்டுகிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "வந்துட்டான்க்கா!" என்றேன். "ஆமா" என்று சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டோக்கனை நீட்டினேன். வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றார். அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் வேலை மாறினேன். ஏழெட்டுப் பேரை விரட்டி விரட்டி அந்தப் பிரதியைப் படிக்க வைத்திருக்கிறேன். எல்லாருமே அக்காவின் கையெழுத்தில் அழுதவர்கள்தான்.

நேற்று ஸ்லிப் ஸ்லிப்பாகப் புதுப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பதினோரு ஸ்லிப்பில் ஒரு காற்புள்ளிகூடத் தவறவில்லை. பன்னிரண்டாவது மட்டும் வேறு. அச்சில், கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரி. தம்பி வருவதே இல்லை. ஒரு நாள் காலையில் அவள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்காமல் வேலைக்குப் போய்விடுகிறாள். மறந்துபோனது ராத்திரி வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். எழுத்தென்று பார்த்தால் இதுதான் உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஏதோ ஒரு லைப்ரரி பெஞ்சில் உட்கார்ந்து ரோசலின் அக்கா இதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, நல்லா முடிஞ்சிருக்கு என்று என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார். என்னால் தாங்கமுடியவில்லை.

மேசை டிராயரில் டோக்கனைத் தேடி எடுத்தபோதுதான் உறைத்தது. போன மாதிரியே வந்தால்தான் டோக்கன். புத்தகம் போன மாதிரி வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தன் சட்டத்தைத் தனக்கே போட்டுக்கொண்டு, டோக்கனை என்னிடமே விட்டுவிட்டார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஷெட்டில் ஏதோ ஆன்லைன் சாமான் கோடவுன் நடக்கிறது, நேற்று வந்த பார்சல்கூட அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தனித்தனி பைக்கில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு போகிறார்கள். அனகாபுத்தூரில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்த வருஷம் அக்காவின் வீட்டைத் தேடிப்போனேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். அவருடைய தம்பி வந்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு யாரும் இல்லை.

சாயங்காலம் டீச்சர் வந்தார். மேசையில் இரண்டு பிரதிகளும் கிடந்தன. நான் பழையதை எடுத்து நீட்டினேன்.

"சார், கடைசி பக்கமெல்லாம் கையால எழுதியிருக்கே?"

"ஆமாங்க. மொதல்ல இதைப் படிங்க. புதுசு அப்புறம் தரேன்."

பதினேழாம் நம்பர் டோக்கன் என் மேசைமேல்தான் இருக்கிறது. அக்கா, எங்கே இருந்தாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் சரியாகத்தான் திரும்பி வந்தது.