நெற்றியில் விட்ட வெள்ளை

என் மேசை மேல் சட்டம் போடாமல் கிடக்கும் அந்தப் படத்தில், ஒரு சிறுமியின் நெற்றி நடுவே சின்ன வட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. சுற்றிலும் மைப் பேனாவால் நெருக்கி நெருக்கி வைத்த புள்ளிகள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடு, குங்குமம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று மீன்கார அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார்.

கடலோரப் பனித்திட்டிலிருந்து தவளக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர் அவர். சுனாமியில் அவருடைய மகள் போய்விட்டாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்த பிள்ளை. காது குத்தியபோது எடுத்த ஒரே போட்டோவும் வீட்டோடு போயிற்று. வருஷா வருஷம் அந்த நாளில் மற்ற வீடுகளில் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டுப் படைப்பார்கள். அக்கா மட்டும் வெறும் விளக்கின் முன்னால் படைப்பார். போட்டோ பார்த்துப் புள்ளியாலேயே முகம் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று தெரிந்ததும், “போட்டோ இல்லன்னா இன்னா, நான் சொல்றேன், நீ வரை” என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாட்டர்கலர் தாளில் வைத்த புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. பக்கத்தில் இன்னொன்று வைத்து இருட்டாக்கலாம், அவ்வளவுதான். போன மழைக்காலம் முழுக்க, மீன் விற்று முடித்ததும் கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்வார். ரிப்பன் சரி, காது சரி. கன்னம் உப்பலாக இருக்கும் என்பார். உப்பலாக்கினால் கண் மாறிவிட்டது என்பார். பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். தாளில் நார் கிளம்பி, அதன்மேல் வைத்த மை பரவிக் கன்னத்தில் கறையாக நின்றது. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. புதுத் தாள் எடுத்து மறுபடி தொடங்கினேன்.

அது முடிந்த அன்று, மடித்த காகிதத்தில் கோயில் குங்குமம் கொண்டு வந்திருந்தார். விரலில் தொட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார். கை தாளுக்குப் போகவில்லை.

“இது எங்க பாப்பா இல்லடி.”

கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொல்லுங்கள், இன்னொரு தாளில் போடுகிறேன் என்றேன். மூடினார். திறந்ததும் என்னை ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி பார்த்தார்.

“இத்தினி வருசமா கண்ண மூடுனா அவ வருவா. இப்ப நீ வரைஞ்ச பொண்ணுதான் வருது.”

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போதும் தெருவுக்கு வருகிறார். சங்கரா நல்லா இருக்கு, வாங்குறியா என்று கேட்கிறார். படத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. கிழித்துப் போட்டுவிடலாம் என்று சில சமயம் அதைக் கையில் எடுக்கிறேன். அக்கா கண்ணை மூடினால் வருகிற பிள்ளை இனி இவள் ஒருத்திதான் என்று நினைத்ததும் திரும்ப வைத்துவிடுகிறேன். நெற்றியில் விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கிறது.