ஒன்பதாம் மேடையில் நின்ற வண்டி

மைக்கக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. பேருந்து நிலையத்தில் அது யாருக்கும் தெரியாது. மாடியில் உள்ள கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பன்னிரண்டு வருடமாக அறிவித்து வருகிறாள். வேலை மட்டும் இன்னும் நிரந்தரமாகவில்லை. உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சி வேண்டும் என்றது அலுவலகம். மற்ற பாடங்களையெல்லாம் ஊதித் தள்ளியவளை ஆங்கிலம் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆங்கிலத் தாளில் இரண்டு பகுதி. முதலாவதில் ஏதாவது பேச்சையோ அறிவிப்பையோ கொடுத்து, அது கேட்பவர் மனதை எப்படித் திருப்புகிறது என்று பிரித்துக் காட்டச் சொல்வார்கள். அதில் அவள் கில்லாடி. 'தள்ளுபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்றால் ஒருவனும் அசையமாட்டான், 'உங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது' என்றால் வரிசையே பின்வாங்கும் என்பதைத் தினமும் கண்ணால் பார்ப்பவளாயிற்றே! வேலை முடிந்து அவள் படிக்கப் போகும் மாலைப் பள்ளியில் டீச்சர் அவள் விடையை வகுப்பில் படித்தே காட்டினாள்.

இரண்டாம் பகுதியான சொந்த அனுபவக் கட்டுரையில்தான் வண்டி மக்கர் செய்தது. மறக்க முடியாத நாளைப் பற்றி எழுதச் சொன்னால், காலை எட்டு மணிக்குக் கனமழை பெய்தது, பயணிகள் அவதியுற்றனர், ஒன்பது மணிக்கு நிலைமை சீரடைந்தது என்று நாலு வரியில் மூடிவிட்டாள். டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, மழை இருக்கு, பஸ் இருக்கு, ஜனங்க இருக்காங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல ரூம்லதான் மிஸ்."

வகுப்பே சிரித்தது. மைக்கக்காவுக்கு அவமானமாக இருந்தது.

'நான்' என்ற சொல்லே வராமல் அறிவிக்கத்தான் அலுவலகத்தில் அவளைப் பழக்கியிருந்தார்கள். எது பிசகினாலும் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆள் செய்த தவறு என்று மூச்சுவிடக் கூடாது. வீட்டில் மகள், போன வருடம்தான் இதே தேர்வில் தேறியவள், கட்டுரையைப் படித்துவிட்டு, இதை எழுதியது நீயா, ஸ்பீக்கரா என்று கேட்டாள். அப்புறம், நிஜத்தில் அன்றைக்கு என்னதான் நடந்தது என்று துருவினாள்.

மைக்கக்கா சொன்னாள். ஒன்பதாம் மேடையில் நின்ற வண்டியை இரண்டாம் மேடை என்று அறிவித்துவிட்டாள். கொட்டும் மழையில் மூட்டையும் பிள்ளைகளுமாக ஜனம் இந்தக் கோடிக்கு ஓடியது. அந்தக் கோடியில் காலி வண்டி புறப்பட உறுமியது. அலுவலக விதியாவது மண்ணாவது என்று மைக்கைப் பிடித்தாள். 'தப்பு என்னோடது. வண்டி ஒன்பதுல நிக்குது. ஓடாதீங்க, நீங்க ஏறுற வரைக்கும் டிரைவரை நான் விடமாட்டேன்.' ஓட்டுநரும் கேட்டார்; இன்ஜினை அணைத்தார். அத்தனை பேரும் நிதானமாக நடந்து போய் ஏறினார்கள். மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது.

"இதை எழுதேம்மா."

"மெமோ வாங்கின கதைடி."

"நீ இருக்கிற கதை அதுதானே?"

தேர்வு நாளில் பேனா கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தது. பிறகு 'தப்பு என்னுடையது' என்று ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதினாள். அதற்குமேல் கை நிற்கவேயில்லை. கூட்டம் ஏன் தன் பேச்சைக் கேட்டது என்பதையும் பிரித்து வைத்தாள்: பழியை ஏற்றவள் கொடுக்கும் வாக்கை ஜனம் நம்பும். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

முடிவு வந்த அன்று அவள் பணியில் இருந்தாள். மகள் போனில் மதிப்பெண்ணைச் சொன்னாள்: நூற்றுக்கு எண்பத்தெட்டு. மைக்கக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள். ஒன்பதாம் மேடையில் வண்டி தயாராக நிற்கிறது என்று எப்போதும்போல் ஆரம்பித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள்.

"இதைச் சொல்றது நான். இங்கிலீஷ்ல பாஸாயிட்டேன்."

கீழே எல்லோரும் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார்கள். ஒன்பதாம் மேடை ஓட்டுநர் ஹாரனை நீளமாக அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன. அந்தச் சத்தத்தில் அடுத்த அறிவிப்பு ஒருவருக்கும் கேட்கவில்லை. மைக்கக்கா அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் சொல்லவில்லை.