மூன்று கூப்பிடு தூரம்

இப்போது பாப்பாமோட்டைப் பக்கம் நடக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கழுத்தில் பைனாகுலர், காலில் முரட்டுச் சப்பாத்து. குளத்துக்குக் கொக்கு பார்க்கப் போகிறார்களாம். எங்கள் படலையில் நின்று தண்ணீர் கேட்பவர்கள், நடக்கிறதுக்கு எந்த மேப் நல்லது என்றும் கேட்பார்கள். போனில் இருக்கிறதை நம்பாதேங்கோ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். முழுவதும் சொன்னால் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஓடிவிடுவார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. இராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஊர் என்று பெரியவர்கள்தான் சொன்னார்கள். முகாமில் பிறந்த எனக்கு அது வெறும் உடைமுள்ளும் வெயிலும்தான். அப்பா பதினைந்து வயதில் விட்டுவிட்டு ஓடிய காணியைக் காடு விழுங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை அரசாங்கக் கந்தோரிலிருந்து அளக்க வருவார்கள், இதுதான் எங்கள் காணி என்று காட்டினால் வீடு கிடைக்கும், காட்டாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். காணிக்குள் ஒரு கட்டுக்கிணறு இருந்தது. அதைக் கண்டுபிடித்தால் போதும். வியாழக்கிழமை காலை அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் புறப்பட்டார்கள். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். "பிள்ளையைத் தனிய விடாதேங்கோ" என்று அம்மா பின்னாலேயே வந்து இரண்டு தரம் சொன்னார்.

கையில் மூன்று மேப் இருந்தன. மாமாவின் போனில் ஒன்று. கந்தோரில் தந்த, கொப்பி எடுத்து எடுத்துக் கறுத்துப்போன நில அளவைப் படம் ஒன்று. மூன்றாவது, அப்பா முகாமில் இருந்தபடி கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறியது. அதைக் கண்டதும் மாமாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அத்தான், இது மேப்போ, மாட்டுக்குக் குறி சுட்டதோ?"

முதலில் மாமாவின் போனை நம்பினோம். அது எங்களை நேரே குளத்துக்குள் இறக்கியது. நடுத்தண்ணீரில் றோட்டு ஓடுவதாகக் காட்டியது. பிறகு கந்தோர்ப் படம். வண்டிப்பாதை என்று அது சொன்ன இடத்தில் ஆள் நுழைய முடியாத பற்றை. பற்றைக்கு இந்தப் பக்கம் கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று ஒரு பலகை இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பலகையே இல்லை. மாமா போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "சரி, அந்தக் குறி சுட்டதை எடுங்கோ" என்றார்.

அப்பாவின் தாளில் மைலும் இல்லை, அடியும் இல்லை. எல்லாம் கூப்பிடு தூரம். எங்கள் ஆட்கள் காட்டில் வழி அளந்தது அப்படித்தான். ஒருவர் ஓரிடத்தில் நிற்க, மற்றவர் நடந்து நடந்து 'கூ' என்று குரல் கொடுப்பார். நிற்பவர் பதிலுக்குக் கூவுவார். பதில் கேட்காமல் போகிற இடம் ஒரு கூப்பிடு. குளத்தில் தண்ணீர் திறந்துவிடும் துருசிலிருந்து கிணற்றுக்கு மூன்று கூப்பிடு என்று அப்பா எழுதியிருந்தார்.

முதலில் மாமாதான் துருசில் நின்றார். அவருடைய தொண்டையை நம்பி நடந்ததில் தாளில் இருந்த பாலை மரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டோம்.

"மச்சான், உன்ர குரலுக்கு வவுனியாவுக்கே போய்ச் சேரலாம். இது சின்னப் பிள்ளையின்ர குரலுக்கு அளந்தது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போய்த் துருசில் நிறுத்தினார்.

அதன்பிறகு நான்தான் நின்றேன். துருசிலிருந்து பாலை மரம், பாலையிலிருந்து வீரை மரம். இரண்டும் என் குரலுக்கு அச்சொட்டாகப் பொருந்தின. எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், சந்தோஷத்தில் துள்ளினேன். ஆனால் வீரை மரத்தைக் கண்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"பிள்ளையை இதில நிப்பாட்ட வேண்டாம்."

"என்ன அத்தான், கடைசிக் கூப்பிடு. விடிஞ்சால் கந்தோர் ஆக்கள் வந்து நிப்பினம்" என்றார் மாமா.

அப்பா என்னை மரத்தடியில் நிறுத்தி, இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்தார். "அசையக்கூடாது. நான் கூப்பிட்டால் கூப்பிடு. கேக்காட்டில் பேசாமல் நில். நான் வருவன். என்ன நடந்தாலும் வருவன்." கிணற்றடிக்குப் போய்வர இவ்வளவு சத்தியம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பற்றை வெட்ட மாமாவும் அப்பாவோடு போனார். ஆறு தரம் அப்பாவின் குரல் கேட்டது, ஆறு தரம் கூவினேன். ஏழாவது தரம் ஒன்றும் வரவில்லை. சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். உச்சி வெயில், ஓர் இலை ஆடவில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவியும் நிறுத்திவிட்டது. மரத்தின் மறுபக்கத்தில் யாரோ என்னைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்திருக்கலாம். ஐயோ, பார்க்கவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து மாமா கத்திக்கொண்டு வந்தார். "கிணறு கிடக்குது! கட்டு உடையேல்லை! எடி, உனக்கு என்ன தொண்டையடி, கிணத்தடி வரைக்கும் கணீரெண்டு கேட்டது! அந்தச் சத்தம் இல்லாட்டில் நாங்கள் பாதியிலேயே நிண்டிருப்பம்."

"நான் ஆறு தரம்தான் கூப்பிட்டனான்" என்றேன். "பிறகு பேசாமல் நிண்டனான்."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த அப்பா என் முன்னால் முழங்காலில் இருந்தார்.

"கூப்பிட்டனி, அம்மா. நீ மறந்துபோனாய். கூப்பிட்டனான் எண்டு சொல்லு."

"இல்லை அப்பா."

"ஒருக்காச் சொல்லு."

"இல்லை. நான் கூப்பிடேல்லை" என்றேன், தலையை நிமிர்த்தி.

அடுத்தநாள் காணி அளந்தார்கள். வீடும் கிடைத்தது, இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்தவரை வீரை மரத்தடிக்கு மறுபடி போகவில்லை. மாடு அந்தப் பக்கம் போனால் மாமாதான் சாய்த்துக்கொண்டு வருவார்.

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று அம்மா எனக்குச் சொன்னது அப்பா செத்து முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு. எனக்கு மாமி முறை, ஊரை விட்டு ஓடிய நேரம் அவளுக்கு வயது பத்து. அந்தத் தாளில் இருந்த தூரமெல்லாம் அவளுடைய குரலால் அளந்தவை. சண்டை ஊருக்குள் வந்த நாள், அப்பா அவளை வீரை மரத்தடியில் நிறுத்தி, கூப்பிட்டால் கூப்பிடு, வருவன் என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போயிருக்கிறார். ஷெல் விழத் தொடங்கியது. ஓடிய சனம் அவரை இழுத்துக்கொண்டு போய் வள்ளத்தில் ஏற்றிவிட்டது. அவளையும் யாராவது கூட்டிப் போயிருப்பார்கள், எங்கேயோ கலியாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு இருப்பாள் என்று முகாமில் இருபது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

யார் கூப்பிட்டது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அது நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவள் எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டு அப்பா கண்ணை மூடியிருப்பார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.