பன்னிரண்டு மெஷினுக்குப் பாலிசி இல்லை

அந்த ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் பதினெட்டு வருடமாக உழைப்பவருக்குப் 'பூட்டு' என்று பெயர். யார் கேட்டாலும் பாஸ்வேர்டு தரமாட்டார். அதனால் வந்த பெயர். அவருக்குப் பிறவியிலேயே வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட முடியாது. மனைவியின் தங்கை கணவன், அதாவது சகலை, அதே அறைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்துதான் அது.

சகலை நடந்து போனால் நர்ஸ்கள் நின்று பேசினார்கள். பூட்டைக் கண்டால் விலகிப் போனார்கள். போதாக்குறைக்குப் பிரிவுத் தலைவர் பதவி வேறு காலியானது. "ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரருக்கே கிடைச்சிடும்போல இருக்கே" என்று மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று பூட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் நூற்றிருபது வி.எம்.களுக்கும் வைரஸ் பாதுகாப்பு போடும் பொறுப்பு சகலையிடம் போனது. வி.எம். என்றால், ஒரே பெரிய சர்வருக்குள் தனித்தனியாகக் குடித்தனம் நடத்தும் கணினிகள். பாதுகாப்பை இயக்கினால் மட்டும் போதாது. எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பாலிசியையும் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் காவல்காரன் வாசலில் நிற்பான், யாரையும் கேட்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் பார்வையிட வந்தார். திரையை எட்டிப் பார்த்த பூட்டுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு வி.எம்.களில் பாதுகாப்பு ஓடுகிறது, பாலிசி கட்டமோ காலி! சகலை ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவனே வந்து சரிசெய்து நல்ல பெயர் வாங்கிவிடுவானே!

"பாருங்க சார், பன்னிரண்டை மறந்துட்டான். வயசு அப்படி, அவசரம். நானே போட்டுடறேன்."

இருப்பதிலேயே கடுமையான பாலிசியைத் தேடிப் பிடித்துப் பன்னிரண்டுக்கும் போட்டார். மேனேஜர் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காக மனிதர் எத்தனை வருடம் ஏங்கியிருப்பார்!

பத்து நிமிடத்தில் போன் அலறியது. அந்தப் பன்னிரண்டிலும் ஓடிய பரிசோதனைக் கூடத்தின் பழைய மென்பொருளை வைரஸ் என்று முடிவுகட்டி முடக்கிவிட்டது புதுப் பாலிசி. ஒரு ரிசல்ட்டும் வெளியே வரவில்லை. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

சகலை மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் எதையும் மறக்கவில்லை. அந்தப் பழைய மென்பொருளுக்கு விலக்கு கொடுத்துத் தனிப் பாலிசி எழுதத்தான் காலையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அதைப் போட்டதும் இரண்டே நிமிடத்தில் எல்லாம் ஓடத் தொடங்கியது.

மேனேஜர் பூட்டின் பக்கம் திரும்பினார். "மறந்துட்டான்னு சொன்னீங்களே?"

பூட்டு கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார். சகலை குறுக்கே வந்தான். "என் தப்புதான் சார். அண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். காலியா இருந்தா யாரா இருந்தாலும் போடத்தானே செய்வாங்க?"

மேனேஜர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பதவி யாருக்கென்று இனி யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் அவனை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பாவி, அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான்.