ஒரே கைப் போர்வை

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் வானொலி. நிறுத்துகிற பொத்தான் மட்டும் கிடையாது என்பார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. கைத்தறித் துணி தானாக வாய் திறந்து பேசுமா, யாராவது அதற்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. புருஷன் நேரெதிர். தறியில் குறுக்கே நாடா ஓடுகிற சத்தம்தான் அவர் பேச்சு. கேட்ட கேள்விக்குத் தலையாட்டிவிட்டால் அன்றைக்கு அது பெரிய சொற்பொழிவு.

வேலையும் அப்படியே பிரிந்திருந்தது. அவர் நெய்வார். அவள் நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூலைச் சுற்றித் தருவாள், வீட்டைப் பார்ப்பாள், பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்காட்சி கண்காட்சியாகப் போய் விற்பாள். யார் வந்து நின்றாலும் போர்வையை விரித்து ஒரே வசனம்: "மிஷினுக்கு ஏதுங்க கை? இது முதல் இழையிலேர்ந்து கடைசி இழை வரைக்கும் ஒரே கை!" அவள் பொய் சொல்லி விற்றாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பேர்தான் அவளுக்கு எல்லாம்.

அந்தப் பேருக்குத்தான் சோதனை வந்தது. பெரிய கண்காட்சி நெருங்கும் சமயம், தறியில் பாதிப் போர்வை நிற்க, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தோள் பிசகிவிட்டது. வேறு வழியில்லாமல் அவளே தறியில் உட்கார்ந்தாள். நெய்யத் தெரியாதவள் அல்ல. ஆனால் நெசவில் ஒரு சங்கதி உண்டு. இழையை நெருக்கப் பலகையை இழுத்து அடிக்கிற அடி ஆளுக்கு ஆள் மாறும். அவர் அடி மெத்தென்று விழும். அவள் அடி அவள் பேச்சு மாதிரி. போர்வையை வெளிச்சத்தில் பிடித்தால் கை மாறின இடம் கோடு கிழித்ததுபோல் தெரிந்தது.

கண்காட்சியில் அந்த இடம் உள்ளே போகும்படி மடித்து வைத்தாள். நெய்ய முடியாத புருஷனும் இந்தத் தடவை கூட வந்திருந்தார். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்து சரியாக அதையே எடுத்தாள். "முதல் இழையிலேர்ந்து..." என்று ஆரம்பித்த வானொலி பாதியில் நின்றது. பிறகு மடிப்பைப் பிரித்தே விட்டாள்.

"உங்ககிட்ட மறைக்க மாட்டேம்மா. இதுவரைக்கும் எங்க வீட்டுக்காரர் கை. இங்கேர்ந்து என் கை. இவருக்குத் தோள்ல அடி."

அந்த அம்மாள் யோசித்தாள். "ஒரே கைன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். இவரு நெய்த பாதியை மட்டும் வெட்டித் தர முடியுமா?"

சுருக்கென்றது. ஆனால் இத்தனை வருஷம் சொன்ன வாய் அவளுடையதுதானே, யாரை நொந்துகொள்ள? கத்திரிக்கோலை எடுத்தாள்.

"கத்திரியைக் கீழ வை."

கடைக்குப் பின்னால், கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்த புருஷன் எழுந்து வந்திருந்தார்.

"ஒரே கை ஒரே கைன்னு இவ என் கையைச் சொல்லிக்கிட்டிருக்கா. அது தப்பும்மா. நான் பாதியில எழுந்து போனவன். ஆனா குறுக்கே ஓடுற ஒவ்வொரு இழையும் இவ சுத்திக் குடுத்துத்தான் தறிக்கு வருது. முதல் இழையிலேர்ந்து கடைசி இழை வரைக்கும் இதுல இருக்குற ஒரே கை இவளுதுதான். இதுல மட்டும் இல்ல, எங்க வீட்டுத் துணி எல்லாத்துலயும்."

அந்த அம்மாள் போர்வையைத் தானே மடித்தாள். "முழுசாவே குடுத்துடுங்க" என்றாள்.

போர்வையைப் போட்டுத் தரப் பை எடுக்கிற சாக்கில் அவள் குனிந்துகொண்டாள். கண் நிறைந்து பை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அடுத்து வந்தவர் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்து, "இதுல என்னங்க விசேஷம்?" என்று கேட்டார். வானொலியிலிருந்து சத்தமே வரவில்லை. புருஷன்தான் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.